எந்தப் பக்கம் ஓடுது?

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களைப் படகில் ஏற்றிவிடுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே வந்த ஒன்பது வருடத்தில் ஆற்றுப் படகுச் சவாரிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று ஒரு நாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. மாமனார் மாமியார், தம்பி குடும்பம், கல்லூரி நண்பன், அந்த நண்பன் சொல்லி அனுப்பிய இன்னொருவன் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். கிளார்க் கீயில் ஏறினால் மரினா பே வரை கூட்டிப்போய், ஒரு வட்டம் அடித்து, ஏறின இடத்திலேயே கொண்டுவந்து இறக்குவார்கள். நாற்பது நிமிடம். ஒலிப்பதிவில் வரும் விளக்கம் எனக்கு மனப்பாடம். அந்தப் பெண்குரல் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்பதுகூடத் தெரியும்.

இந்த மாதிரிச் சவாரிகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நடக்கிறவனுக்கு நிற்க உரிமை உண்டு, திரும்பிப் போக உரிமை உண்டு, சந்துக்குள் நுழைய உரிமை உண்டு. படகில் உட்கார்ந்தவனுக்கு இது ஒன்றும் கிடையாது. கரை தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது ரசித்துப் பார்க்கத் தொடங்கும்போது அது முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். போதாக்குறைக்கு அந்த ஒலிப்பதிவு. எதிரே வரும் படகுக்கு வழிவிட நம் படகு இரண்டு நிமிடம் நின்றால் போதும், குரலுக்கும் கரைக்கும் உறவு முறிந்துவிடும். 'உங்கள் இடப்பக்கம் பாருங்கள்' என்று அது உருகும்போது இடப்பக்கத்தில் வெறும் சுவர் இருக்கும். எல்லோரும் அந்தச் சுவரைப் படம் எடுப்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களிடம் இந்தக் கட்சியெல்லாம் பேச முடியாது. போன வருடம் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. எழுபத்துநான்கு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆற்றங்கரையில் பிறந்து, ஆற்றங்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவர். 'நடக்கிற இடம் வேண்டாம்டா, உக்காந்து பாக்குற இடமா கூட்டிட்டுப் போ' என்றார். அப்படித்தான் பன்னிரண்டாவது முறை.

சாயங்கால வெயில் இறங்கின நேரம். படகில் கூட்டம் அதிகமில்லை. பழைய சரக்குப் படகின் வடிவில் செய்த படகுதான், முகப்பில் இரண்டு பக்கமும் உருண்டைக் கண் வரைந்திருக்கும். வழி தெரிய வேண்டுமே என்று அந்தக் காலத்துப் படகுக்காரர்கள் கண் வரைவார்களாம். அத்தைக்கு அந்தக் கண் பிடித்துப்போனது. ஏறும்போதே அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார். நான் வழக்கம்போல ஒலிப்பதிவுக்கு முந்திக்கொண்டு தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வலது பக்கம் வளைந்து போகிறதே, அதுதான் போட் கீ. ஆறு அந்த இடத்தில் கெண்டை மீனின் வயிறு மாதிரி வளைவதால் சீனர்கள் அங்கே கடை போட்டால் செல்வம் சேரும் என்று நம்பினார்கள். இடது பக்கம் வெள்ளையாக நிற்பவர் ராஃபிள்ஸ், 1819இல் வந்து இறங்கி இங்கே ஆங்கிலேயர் துறைமுகத்துக்கு வித்திட்டவர். அவருக்குப் பக்கத்தில் 2019 தொடக்கத்தில் சில நாட்கள் நம் நாராயண பிள்ளைக்கும் சிலை வைத்திருந்தார்கள், 1819இலேயே ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது கூட வந்த தமிழர், மாரியம்மன் கோயிலுக்கு அடிபோட்டவர். எல்லாவற்றுக்கும் அத்தை 'ம்' போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் நான் காட்டிய பக்கம் எதையும் அவர் பார்க்கவே இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. அவர் தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஏண்டா, இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?'

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். ஆறு கடலுக்குத்தானே ஓடும்? படகு போய்க்கொண்டிருந்த திசையில் கை காட்டினேன். 'அந்தப் பக்கம்தான் அத்தை. கடல் அங்கதான் இருக்கு.'

'கடல் எங்க இருக்குன்னு கேக்கல. தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டேன்.'

சொல்லிக்கொண்டே தலையில் இருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளினார். எனக்குப் பகீரென்றது. இந்த ஊரில் ஆற்றில் குப்பை போட்டால் என்ன ஆகும் என்று வந்த முதல் நாளே பாடம் எடுத்திருந்தேன். 'அத்தை, போட்டுடாதீங்க' என்று கையைப் பிடித்துவிட்டேன். முன்சீட்டில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பூவைத் திரும்பவும் தலையிலேயே செருகிக்கொண்டார். ஒரு பூவைக்கூட ஏற்காத ஆறு என்ன ஆறு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அப்போது படகு கெவனா பாலத்துக்கு முன்னால் நின்றது. எதிரே ஒரு படகு வந்துகொண்டிருந்தது. ஐந்து வெண்கலச் சிறுவர்கள் ஆற்றில் குதிக்கிற மாதிரி ஒரு சிலை கரையில் இருக்கிறதே, அதற்கு நேராக. தண்ணீரில் ஒரு மர இலை கிடந்தது, நம் ஊர்ப் பூவரச இலை அளவுக்கு. அத்தை அதைக் காட்டி 'இத பாரு' என்றார். பார்த்தோம். எதிர்ப் படகு கடந்து போனது. அதன் அலையில் இலை மேலே ஏறியது, இறங்கியது, கொஞ்சம் சுற்றியது. அலை அடங்கியதும் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. அரை நிமிடம் இருக்கும். இலை நகரவில்லை. ஒலிப்பதிவுப் பெண்மணி சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மெர்லயன் வர இன்னும் சில பாலங்கள் இருந்தன.

'நிக்கிதே' என்றார் அத்தை. அப்புறம் எனக்குப் பாடம் சொல்லும் குரலில், 'இது ஆறு இல்லடா. ஏரி.'

நான் சிரித்தேன். மிச்சச் சவாரியை வழக்கம்போல நடத்தி முடித்தேன். மெர்லயனை ஒருமுறை பெயர்த்து இடம் மாற்றின கதையைச் சொன்னேன். புதுப் பாலம் ஒன்று வந்து பார்வையை மறைத்துவிட்டதால் 2002இல் எழுபது டன் சிலையை 120 மீட்டர் தூரம் நகர்த்தி வைத்தார்கள். அத்தை அதற்கும் ஒரு 'ம்' போட்டார். இறங்கும்போது படகோட்டியிடம் கேட்டேன். அறுபதைத் தாண்டிய சீனர், இங்கே எல்லோரையும் கூப்பிடுவதுபோல நானும் அவரை அங்கிள் என்றேன். முன்பு லாரி ஓட்டியவராம், படகுக்கு வந்து நான்கைந்து வருடம்தான் ஆகிறதாம். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது அங்கிள் என்று கேட்டதும் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 'பெரிய மழை பெய்யட்டும். அப்போ வந்து கேள்' என்றார்.

பன்னிரண்டு முறை போயிருக்கிறேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி பன்னிரண்டு முறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. அதைவிட மோசம், கேட்கத் தோன்றியதும் இல்லை. அன்று இரவு தூங்கப் போகும்போது அத்தையிடம் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. சின்ன வயதில் படித்துறையில் இறங்கும் முன்னால் அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்ததாம். முதல்ல இழுப்பு எந்தப் பக்கம்னு பாரு, அப்புறம் காலை வை. 'அது ஒரு பழக்கம்டா. தண்ணியப் பாத்தா அதான் முதல்ல கேக்கத் தோணும்.'

ஏற்றமும் வத்தமும்

அத்தை சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை, அச்சு அசலான உண்மை என்பது கொஞ்சம் படித்ததும் தெரிந்தது. சிங்கப்பூர் ஆறு இன்றைக்கு ஒரு நீர்த்தேக்கத்தின் பகுதி. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபோது, சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் கடலோடு கலக்கும் இடத்தை 350 மீட்டர் அகலத்துக்கு அடைத்துவிட்டார்கள். ஒன்பது இரும்புக் கதவுகள். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஆறு. முதலில் உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர்தான். மழை பெய்யப் பெய்ய, கதவு திறந்து மூடத் திறந்து மூட, உப்பு கழுவப்பட்டு இரண்டு வருடத்தில் நன்னீரானது. இந்தத் தீவின் பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை இங்கேதான் வந்து சேர்கிறது. அதைச் சுத்திகரித்து வீட்டுக் குழாய்களுக்கு விடுகிறார்கள். அதாவது பன்னிரண்டு முறை நான் மேலே மிதந்து போன ஆற்றைத்தான் இத்தனை வருடமாகக் குடித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஒலிப்பதிவில் இதைச் சொல்கிறார்களா? ஒரு வரி வருகிறது. படகு திரும்பும்போது, எல்லோரும் எதிரே தெரியும் மூன்று கோபுர ஹோட்டலைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வருகிறது. அதனால்தான் காதில் விழவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரி, அணைக்கட்டு வருவதற்கு முன்னால் எந்தப் பக்கம் ஓடியது? இங்கேதான் விஷயம் இன்னும் சுவாரசியம். அப்போதும் ஒரே பதில் இல்லை. இது மூன்று கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஆறு. கிம் செங் பாலத்துக்கு மேலே போனால் அலெக்சாண்டிரா கால்வாய், அவ்வளவுதான். இத்தனை சின்ன ஆற்றில் மலையிலிருந்து வரும் தண்ணீர் சொற்பம், கடலிலிருந்து வரும் தண்ணீர்தான் அதிகம். ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். கடலோரத்து மக்கள் ஏற்றம், வத்தம் என்பார்களே, அது. நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வத்தம். ஆகவே ஆறு நாளைக்கு நான்கு தடவை முகம் திருப்பிக்கொண்டிருந்தது. அத்தையின் கேள்வியைக் காலையில் கேட்டிருந்தால் ஒரு பதில், மத்தியானம் கேட்டிருந்தால் இன்னொரு பதில்.

இது வேடிக்கைத் தகவலாக மட்டும் இருந்தால் நான் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். அந்த ஆற்றில் பிழைத்தவர்களுக்கு இது கடிகாரம். கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்க ஆற்றுக்கும் கப்பலுக்கும் நடுவே தொங்கான்கள் ஓடும். தமிழில் தொங்கான், மலாயில் தொங்காங். வத்தம் வந்தால் கரையோரம் படகின் அடி சேற்றில் தட்டி உட்கார்ந்துவிடும். ஏற்றம் வந்தால் வேறொரு தலைவலி. 1869இல் கெவனா பாலத்தைக் கட்டியவர்கள் அதைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள். தண்ணீர் உயர்ந்திருக்கும்போது தொங்கான் அதன் அடியில் நுழைய முடியாது. தண்ணீர் இறங்கும் வரை படகுக்காரர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்தப் பாலத்தில் இன்றைக்கும் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருக்கிறது. இன்ன எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தின் மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தப் பலகை செல்லம். பாலத்தின் மேல் எது போகக் கூடாது என்பதற்குப் பலகை இருக்கிறது, கீழே போக முடியாமல் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் படகு வழிவிட்டு நின்றதும் அந்த இடத்தில்தான். நாங்கள் காத்திருந்தது இரண்டு நிமிடம்.

தொடக்ககாலத்தில் அந்தத் தொங்கான்களை ஓட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள். 1822இல் ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டம் வரைந்தபோது ஆற்றோரத்திலேயே, கொஞ்சம் மேலே தள்ளி, சூலியா கம்போங் என்று ஓர் இடம் குறித்திருக்கிறார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் படகுத் தொழில் சீனர்கள் கைக்கு மாறிவிட்டது. போட் கீக்குப் பின்னால் சூலியா தெரு என்று பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தத் தெருவில் நான் தினமும் மத்தியானம் சாப்பிடப் போகிறேன். அதற்குக் கொஞ்சம் தள்ளி மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. செட்டியாருக்காவது ஆற்றங்கரையில் வெண்கலத்தில் ஒரு சிலை இருக்கிறது. ஓதம் பார்த்துப் படகு தள்ளிய சூலியாவுக்கு அப்படி ஒன்றை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை. சிலை வைத்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. படம் எடுத்துக்கொண்டு போவோம், அவ்வளவுதான்.

'சுத்தப்படுத்தப்பட்டது'

ஒலிப்பதிவில் ஒரு வாக்கியம் வரும். 'ஒரு காலத்தில் மாசடைந்திருந்த இந்த ஆறு பத்து ஆண்டுகளில் சுத்தப்படுத்தப்பட்டது.' ஆங்கிலத்தில்தான் வரும், நான் தமிழில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தையின் கேள்விக்குப் பிறகு திரும்பிப் பார்த்தால், அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. யார் மாசுபடுத்தினார்கள், யார் சுத்தப்படுத்தினார்கள், யார் எழுந்து போனார்கள், ஒன்றும் இல்லை. ஆறு தானே அழுக்காகி, தானே குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

நடந்தது இது. 1977 பிப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ, பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தார். அதுவரை அது சாக்கடைக்குச் சமானம். மேட்டுப் பகுதிகளில் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, கரையில் குடிசைகள், கழிப்பறை இல்லாத வீடுகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள், படகு பழுது பார்க்கும் பட்டறைகள், எல்லாவற்றின் கழிவும் நேரே தண்ணீரில்தான் விழும். வத்தத்தில் கொஞ்சம் வெளியே போகும், ஏற்றத்தில் போனது திரும்பி வரும். அடுத்த பத்து வருடத்தில் சுமார் 26,000 குடும்பங்களை வேறு இடங்களில் குடியமர்த்தினார்கள். ஏறக்குறைய 5,000 தெருவோர வியாபாரிகளைக் கூரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். 610 பன்றிப் பண்ணைகளை அப்புறப்படுத்தினார்கள். 1983இல் தொங்கான்கள் எல்லாம், எண்ணூறு வரை இருக்கும், ஆற்றைவிட்டுக் கிளம்பி மேற்கே பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அதன் பிறகு சேற்றை வாரி எடுத்தார்கள். 1987இல் சுத்தம் முடிந்தது. அதே வருடம் லீ குவான் இயூ, இன்னும் இருபது வருடத்தில் முகத்துவாரத்தை அடைத்து நன்னீர் ஏரி ஆக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இருபத்தோராவது வருடம் கதவு மூடியது.

இதைப் படித்துவிட்டு 'ஐயோ, பழைய ஆறு போச்சே' என்று உருக எனக்கு யோக்கியதை இல்லை. அந்த நாற்றத்தில் வாழாதவன் அந்த நாற்றத்துக்காக ஏங்குவது ஒரு வகைப் பணக்காரத்தனம். மாடி வீடும் குழாய்த் தண்ணீரும் கிடைத்த குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்த நாளை வாழ்த்தியிருப்பார்கள். தலைமுறையாகத் தொங்கான் ஓட்டி, வேறு தொழில் தெரியாமல் போனவர்களும் அதே 'சுத்தப்படுத்தப்பட்டது'க்குள்தான் இருக்கிறார்கள். நாற்பது நிமிடச் சவாரியில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? முடியாது, ஒத்துக்கொள்கிறேன். என் குறை அதுவும் இல்லை. படகு விளக்கத்தில் கரையில் நிற்பதைப் பற்றித்தான் பேச்சு முழுக்க இருக்கிறது. கட்டிடம், சிலை, பாலம், ஹோட்டல். நகர்ந்ததைப் பற்றி ஒரு வரி. தண்ணீரும் நகர்ந்தது, படகும் நகர்ந்தது, ஆளும் நகர்ந்தான். நின்றவை பெயர் வாங்கிக்கொண்டன. அந்தப் பேச்சைத் தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் அலுவலக வேலையாகச் சிகாகோ போயிருந்தேன். அங்கேயும் ஆற்றில் படகு விடுகிறார்கள், கட்டிடக்கலைச் சவாரி என்று பெயர். ஒலிப்பதிவு கிடையாது, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஆளே நின்று பேசினார். அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னது: 'நீங்கள் இப்போது பின்னோக்கி ஓடும் ஆற்றில் இருக்கிறீர்கள்.' படகே கைதட்டியது. சிகாகோ ஆறு இயற்கையில் மிச்சிகன் ஏரிக்குள் ஓடியது. நகரத்தின் சாக்கடையும் அதோடு ஏரிக்குள் போனது. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான். 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900இல் ஆற்றை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். சாக்கடை இப்போது மிசிசிப்பி பக்கம் போனது. கீழே இருந்த மிசௌரி மாநிலம், உங்கள் அழுக்கு எங்களுக்கா என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1906இல் தோற்றுப்போனது. அன்றைக்கு அதை ஒரு பொறியியல் சாதனையாகக் கேட்டு நானும் கைதட்டினேன். இப்போதுதான் உறைக்கிறது, அந்த மனிதர் முதல் வாக்கியத்திலேயே அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருடைய குழாய்க்காக அப்படி ஓடுகிறது. சிங்கப்பூரில் ஆற்றை நிறுத்தியதும் சிகாகோவில் திருப்பியதும் ஒரே காரணத்துக்குத்தான். கம்போடியாவில் தொன்லே சாப் ஆற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகித் தள்ளினால் அது வருடா வருடம் தானே திரும்பி ஓடுகிறது, யாரும் கால்வாய் வெட்டவில்லை.

மதகு

அத்தை ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மரினா அணைக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிடத்தின் கூரை மேல் பச்சைப் புல்வெளி, பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்திருந்தேன். அத்தை அதில் உட்கார மறுத்து, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மெதுவாக நடந்தார். கதவுகளுக்கு மேலே இருக்கும் பாலத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. அந்த நேரத்தில் கடல் இறங்கியிருந்தது. இரண்டு தண்ணீருக்கும் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

'அட, மதகு' என்றார். ஒன்பது கதவு, பல கோடிச் செலவு, நான் படித்துவைத்திருந்த எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார். நான் விடவில்லை. பெரிய மழை வரும்போது கடல் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்து தண்ணீரை விடுவார்கள், கடல் உயர்ந்திருந்தால் கதவைத் திறக்க முடியாது, அதற்கு ஏழு ராட்சத பம்ப் வைத்திருக்கிறார்கள், இறைத்துக் கடலில் கொட்டும் என்று விளக்கினேன். அத்தை கவனமாகக் கேட்டார். படகில் போட்ட 'ம்' இல்லை இது. அவர் வீட்டுக்காரர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். மடை திறக்கும் ஆளிடம் ராத்திரி ராத்திரியாகப் போய் நின்றவர்.

'திறக்கிற ஆள் ராத்திரியும் இருப்பானா?'

இருப்பார்கள் அத்தை, மானியில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்றேன்.

'அவனுக்குத்தாண்டா தெரியும், ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு' என்றார். அப்புறம்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தை போன பிறகு டிசம்பர் வந்தது. வடகிழக்குப் பருவமழை இங்கே இறங்கினால் இரண்டு மூன்று நாள் விடாது. அப்படி ஒரு சாயங்காலம், அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடமே தெரியாத அளவுக்கு மழை. படகோட்டி அங்கிள் சொன்னது ஞாபகம் வந்தது. போனில் ஓத நேரத்தைப் பார்த்தேன், கடல் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருப்பார்கள். குடையை எடுத்துக்கொண்டு கெவனா பாலத்துக்கு நடந்தேன். பேன்ட் முழங்கால் வரை நனைந்தது. படகுகள் எல்லாம் துறையில் கட்டிக் கிடந்தன, கண்ணை விழித்துக்கொண்டு. பாலத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில், சுள்ளியும் சருகும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுமாக, பாலத்துக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து போய்க்கொண்டே இருந்தது. பெரிய வெள்ளம் என்று சொல்ல முடியாது. ஆனால் இழுப்பு இருந்தது. ஒரு சருகைத் தேர்ந்தெடுத்துக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன், நொடிக் கணக்கில் கடந்து போய்விட்டது. ஒரு பக்கக் கைப்பிடிக்கும் மறு பக்கக் கைப்பிடிக்கும் இரண்டு மூன்று தடவை ஓடி ஓடிப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த ஆற்றைப் பார்க்கிறேன் என்று தோன்றியது. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஒரு நிமிட வீடியோ எடுத்து அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். 'ஓடுது பாருங்க' என்று கீழே எழுதினேன்.

அத்தைக்குத் தட்டச்சு வராது, குரல் பதிவுதான். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. பின்னணியில் டிவி சத்தம்.

'பாத்தேன்டா. நல்லாத்தான் ஓடுது. ஆனா நீ போனைத் திருப்பித் திருப்பிப் புடிச்சிருக்க, எந்தப் பக்கம் போகுதுன்னு ஒண்ணும் தெரியல. கடல் எந்தப் பக்கம்?'